மூட்டுவலியும் உணவுத் தேர்வும்: கோவில்பத்து நெய்தல் உணவை முன்வைத்து

தேவாரத்தில் திருத்தெளிச்சேரி எனப் பாடப்பெற்ற தலம், காரைக்காலின் கோவில்பத்து ஆகும். கடலும் வயலும் அருகமைந்த இப்பகுதியில் சோறும் மீனுமே அன்றாட உணவு. நாட்பட்ட மூட்டுவலி உடையோர் இவ்வுணவுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சித்த மருத்துவ நூலான யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என வகுக்கும். வழக்கிலோ பல்வேறு மூட்டு நோய்கள் ‘மூட்டுவலி’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. அதனால் ஒருவருக்குப் பயன்தந்த உணவு மற்றவருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

மத்தி மீன் இதற்குத் தக்க சான்று. அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலம் முடக்குவாத அழற்சியை ஓரளவு தணிக்க உதவும். ஆனால் அதே மீனில் மிகுந்துள்ள பியூரின், உடலில் யூரிக் அமிலமாக மாறும். அவ்வமிலம் மூட்டில் படிகமாகத் தங்குவதால் தோன்றும் கவுட் நோயை அது மிகுவிக்கும். அந்நோயர்க்குக் கொழுப்பு நீக்கிய மோர் ஏற்றது, மது விலக்கத்தக்கது. முழங்கால் தேய்மானம் உடையோர்க்கோ, உணவின் வகையினும் உடல் எடையைக் குறைக்கும் அளவே முதன்மையானது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உண்ணும் முறையைக் கூறியபின், நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்கிறது. நோயுற்றபின் இவ்வரிசை மாற வேண்டும்: பரிசோதனையால் நோய் எதுவெனத் தெளிந்த பின்னரே உணவைத் தேர்தல் வேண்டும். அவ்வுணவும் மருந்துக்குத் துணையே, மாற்றன்று.