சாலை மோசம்... அதனால் தப்பித்தது சாக்கோ!

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் அப்பா, அம்மாக்களின் போட்டோ ஆல்பத்தில் நயாகராவும் கிராண்ட் கேன்யனும் தவறாமல் இருக்கும். சாக்கோ கேன்யன் அநேகமாக இருக்காது. அங்கே போய்ச் சேருவது அவ்வளவு கஷ்டம்!

நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், வறண்ட பீடபூமிக்கு நடுவே இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. ஆல்புகெர்க்கி நகரத்திலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். நெடுஞ்சாலையைவிட்டுத் திரும்பியதும் 13 கி.மீ. தார்ச்சாலை. அதோடு சரி. அடுத்த 21 கி.மீ. வெறும் மண் சாலை. அதிலும் கடைசி 7 கி.மீ. உடம்பில் இருக்கும் எலும்புகளை எல்லாம் எண்ணிப் பார்த்துவிடும். மழை பெய்தால் சேற்றில் டயர் சுழலும்; வண்டி நகராது. பூங்காவுக்குள் ஹோட்டல் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, ஒரு டீக்கடைகூட இல்லை.

'தார் போட்டால் என்ன?' என்ற கேள்வி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் வசிக்கும் நவாஹோ பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் இதே மாதிரி மண் சாலைகளில்தான். அவர்களுக்கு நல்ல சாலை வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால், சாலை நன்றாகிவிட்டால் டூரிஸ்ட் பஸ்கள் வரிசை கட்டும். ஆயிரம் வருடச் சுவர்கள் அந்தக் கூட்டத்தைத் தாங்குமா என்கிறார்கள் மறுதரப்பினர். இந்த பயம் வீண் பயம் இல்லை. அது ஏன் என்று புரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

600 அறைகள் கொண்ட ஒரே கட்டடம்

ஆண்டுக்கு 20 செ.மீ. சொச்சம்தான் மழை. கோடையில் கொளுத்தும், குளிர்காலத்தில் தண்ணீர் உறையும். இப்படியோர் இடத்தில், கி.பி. 850 முதல் 1150 வரை, பூவெப்லோ மக்களின் முன்னோர்கள் மணற்கல்லை அடுக்கிப் பெரிய பெரிய மாளிகைகளைக் கட்டினார்கள். அவற்றில் பிரபலமானது 'பூவெப்லோ போனிட்டோ'. அரைவட்ட வடிவம், 600-க்கும் மேற்பட்ட அறைகள், சில இடங்களில் நான்கு மாடி உயரம். முற்றத்தைச் சுற்றி, கிணறுபோலத் தரைக்குள் இறங்கும் வட்ட வடிவச் சடங்குக் கூடங்கள். இவற்றின் பெயர் 'கிவா'.

கூரைகளுக்கும் தளங்களுக்கும் மரம் வேண்டுமே? பக்கத்தில் காடு கிடையாது. 75 கி.மீ.க்கும் அப்பால் இருந்த மலைகளிலிருந்து வந்தன மரங்கள். பள்ளத்தாக்கு முழுவதற்கும் 2 லட்சத்துக்கும் அதிகமான மரங்கள் தேவைப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. சக்கர வண்டி இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை. அத்தனையும் மனிதர்கள் தோளில் சுமந்து வந்தவை! அந்த உத்தரங்களில் பல இன்னும் சுவரில் இருக்கின்றன. மர வளையங்களை எண்ணி, எந்த ஆண்டு வெட்டப்பட்ட மரம் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

அதைவிட ஆச்சர்யம், பானைகளுக்குள் இருந்தது. இங்கே கிடைத்த உருளை வடிவ ஜாடிகளின் ஓடுகளைச் சோதித்தபோது, அவற்றில் கொக்கோவின் தடயம் இருப்பது 2009-ல் தெரியவந்தது. கொக்கோ விளைவதோ 1,500 கி.மீ.க்கும் அப்பால், மெக்ஸிகோவின் தெற்கில். செந்நிற மக்காவ் கிளிகளின் எலும்புகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. பாலைவனத்து வீட்டில் சாக்லேட்டும் கிளியும்!

வளையாத பாதைகள்

அந்த மக்கள் போட்ட பாதைகளும் விசித்திரமானவை. சுமார் 9 மீட்டர் அகலம், நூல் பிடித்ததுபோல நேர்க்கோடு. குறுக்கே செங்குத்துப் பாறை வந்தால் நாம் சுற்றிப் போவோம். அவர்கள் பாறையிலேயே படிக்கட்டு செதுக்கி, அதே கோட்டில் மேலே ஏறியிருக்கிறார்கள். வண்டியே இல்லாத ஊருக்கு 9 மீட்டர் அகலச் சாலை எதற்கு? வணிகத்துக்கா, சடங்கு ஊர்வலத்துக்கா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. தரையில் நின்று பார்த்தால் பல பாதைகள் கண்ணுக்கே தெரியாது. வானிலிருந்து எடுத்த படங்களில்தான் தெளிவாகத் தெரிகின்றன.

இதைக் கொஞ்சம் நேரில் அனுபவிக்க ஆசைப்படுபவர்களுக்கு 'பூவெப்லோ ஆல்டோ' நடைபாதை. சுமார் 8 கி.மீ. சுற்று. பாறைப் பிளவு ஒன்றுக்குள் உடம்பை நுழைத்து ஏறினால், மேலிருந்து பூவெப்லோ போனிட்டோவின் அரைவட்டம் முழுதாகத் தெரியும். பழைய செதுக்குப் படிக்கட்டையும் அதே வழியில் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் வருத்தப்பட வேண்டாம். முக்கியமான இடிபாடுகளை இணைக்கும் சுமார் 14 கி.மீ. தார்ச்சாலை பூங்காவுக்குள் உண்டு.

காலடி செய்த வேலை

பள்ளத்தாக்கின் நடுவே 400 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது ஃபஹாதா குன்று. அதன் உச்சிக்கு அருகே மூன்று கற்பலகைகள் பாறையில் சாய்ந்து நிற்கின்றன. அவற்றின் பின்னால் சுருள் வடிவச் செதுக்கல். பகல் மிக நீண்டிருக்கும் ஜூன் நாளில், நண்பகலையொட்டி, பலகைகளின் இடுக்கு வழியே விழும் ஒளிக்கீற்று கத்திபோல அந்தச் சுருளின் மையத்தை வெட்டிச் செல்லும். ஆனா சோஃபேர் என்ற ஓவியர் 1977-ல் இதைக் கவனித்து உலகுக்குச் சொன்னார்.

அப்புறம் என்ன... ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். கால்கள் பட்டுப் பட்டுப் பலகைகளின் அடியில் மண் நகர்ந்தது. 1989-ல் பார்த்தபோது கற்பலகையே இடம் மாறியிருந்தது. ஒளி பழைய இடத்தில் விழவில்லை. பல நூறு ஆண்டுகள் நின்ற கல், பார்வையாளர்கள் வந்த சில ஆண்டுகளில் அசைந்துவிட்டது. இப்போது அந்தக் குன்றில் பொதுமக்கள் ஏற அனுமதி இல்லை.

இயற்கையும் சும்மா இருக்கவில்லை. 1941-ல் சுமார் 30,000 டன் எடையுள்ள பாறை சரிந்து, பூவெப்லோ போனிட்டோவின் பின்பக்கச் சுவரையும் பல அறைகளையும் நொறுக்கியது. அந்தப் பாறை விழும் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதன் அடியில் அவர்கள் முட்டுச்சுவர் கட்டி வைத்திருந்தார்கள்.

தோண்டியெடுத்த அறைகளில் பலவற்றை இப்போது மறுபடியும் மண் போட்டு மூடியிருக்கிறது பூங்கா நிர்வாகம். வெயிலும் பனியும் படாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. 'இவ்வளவு தூரம் வந்தும் முழுசா பார்க்க முடியலையே' என்று சிலருக்குத் தோன்றலாம். ஹோப்பி, ஸூனி, அகோமா போன்ற பூவெப்லோ மக்களுக்கு இது கைவிடப்பட்ட ஊர் அல்ல. முன்னோர்கள் இன்னும் இருக்கும் இடம். 12-ம் நூற்றாண்டின் கடும் வறட்சிக்குப் பின் மக்கள் இங்கிருந்து வேறு ஊர்களுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

சுற்றியுள்ள நிலத்தில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. பூங்காவைச் சுற்றி சுமார் 16 கி.மீ. தூரத்துக்குள் இருக்கும் மத்திய அரசு நிலங்களில் புதிய குத்தகைகள் தரப்படாது என்று 2023 ஜூனில், 20 ஆண்டுகளுக்கு அறிவித்தது அமெரிக்க உள்துறை. பூவெப்லோ மக்கள் வரவேற்றார்கள். அங்கே சொந்த நிலம் வைத்திருக்கும் நவாஹோ குடும்பங்கள் பலவும், தங்களுக்கு வரவேண்டிய வருமானம் போய்விடும் என்று எதிர்த்தன. ஒரே மண்ணுக்கு இரண்டு நியாயங்கள், சர்ச்சை ஓயவில்லை.

போவதென்றால்...

பகல் பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள், டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சுவர்மேல் சாய்வது, ஏறுவது கூடவே கூடாது. கீழே கிடக்கும் பானை ஓடு விரல் நகம் அளவு இருந்தாலும் எடுத்துவரக் கூடாது. அது சட்டப்படி குற்றம். உள்சாலையை மாலையில் மூடிவிடுவார்கள். முகாமில் கூடாரம் போட்டுத் தங்க முன்பதிவு செய்தால், இரவில் பால்வெளி மண்டலத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம். 2013-லேயே சர்வதேச 'இருண்ட வானப் பூங்கா' அங்கீகாரம் பெற்ற இடம் இது.

ஜூலை, ஆகஸ்டில் திடீர் மழை வரும். கிளம்புவதற்கு முன் பூங்கா அலுவலகத்துக்கு போன் போட்டு, சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பாதி வழியில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்; அங்கே சிக்னல் கிடைக்காது.