நனையக்கூடாத கிழங்குகள்

சென்னையை அடுத்த பட்டாபிராமில் யாராவது மொட்டைமாடியில் பசுமைக்குடில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "ஏற்கெனவே வேகுற ஊர்ல இது எதுக்குங்க?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் கண்ணாடிக்குடில் கட்டுவது வெப்பத்தைப் பிடித்து வைக்க. சென்னை வட்டாரத்தில் மே மாதப் பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரியைத் தாண்டுகிறது. ஜனவரி விடியற்காலையில்கூடச் சராசரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. நாலு பக்கமும் பாலித்தீன் ஷீட்டால் மூடிய குடில் இங்கே இரண்டே நாளில் செடிகளை அவித்துவிடும்.

பூக்கிழங்கு வளர்ப்பவருக்கு மட்டும் விஷயம் வேறு. அவருக்கு வெயிலைவிடப் பெரிய தொல்லை மழைதான். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. செங்காந்தளும் சேனை வகைகளும் இலை பழுத்து ஓய்வுக்குப் போகிற காலமும் அதை ஒட்டியே வருகிறது. வேர்கள் உறிஞ்சுவதை நிறுத்திய பிறகு தொட்டியில் தண்ணீர் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் கிழங்கு இருந்த இடத்தில் நாறும் கூழ்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே இந்த ஊரில் குடிலின் முதல் வேலை மழையைத் தடுப்பது. இரண்டாவது வேலை வெயிலைப் பாதியாகக் குறைப்பது.

மண்ணுக்கு அடியில் உணவைச் சேர்த்துவைத்து, கெட்ட காலம் போகும்வரை மேலே எதையும் காட்டாமல் காத்திருப்பதுதான் கிழங்குச் செடிகளின் பிழைப்பு. கெட்ட காலம் எது என்பதில்தான் இனத்துக்கு இனம் வித்தியாசம். டியூலிப்புக்கு அது வறண்ட கோடையும் கடுங்குளிரும். அதன் பூ கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். ஆனாலும் சுமார் 9 டிகிரிக்குக் கீழே மூன்று மாதம் போலக் கிடந்தால்தான் தண்டு ஒழுங்காக நீளும். ஸ்ரீநகரின் டியூலிப் தோட்டத்துக்கு இதை இமயமலை இலவசமாகச் செய்து தருகிறது. இங்கே ஃபிரிட்ஜ்தான் கதி. அதிலும் பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால், பழுக்கும்போது வெளிவரும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். இவ்வளவு பாடுபட்டுப் பூக்க வைத்தாலும், நம் வெப்பத்தில் அந்தக் கிழங்கு அடுத்த ஆண்டுக்குத் தேறாது. டியூலிப் ஆசையை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

வெப்பமண்டலக் கிழங்குகள் குளிரைக் கணக்கில் எடுப்பதில்லை. ஈரம் எப்போது போனது, எப்போது வந்தது என்பதுதான் அவற்றின் நாட்காட்டி. மழை லில்லியைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து நம் தெருவோரத் தொட்டிகளில் குடியேறிவிட்ட இது, வறட்சியில் மொட்டைத் தயாராக வைத்துக்கொண்டு, நல்ல மழை பெய்த சில நாட்களில் வெள்ளையும் மஞ்சளும் ரோஸுமாகப் பொங்கிவிடும். குடிலுக்குள் இந்த வித்தையை நாமே நடத்தலாம். சில வாரம் தண்ணீரை நிறுத்தி, பிறகு ஒரே மூச்சில் நனைக்க வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் செல்லம் கொடுத்தால் இலைதான் மண்டும். ஆப்பிரிக்காவின் ஃபுட்பால் லில்லியும் அப்படித்தான். மாதக்கணக்கில் வெறும் மண்ணாகக் கிடக்கும் தொட்டியில், கோடை மழை மண்ணைத் தொட்டதும் ஒரு தடித்த காம்பு கிளம்பி, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்களைச் சிவப்புப் பந்தாகத் திரட்டி நிற்கும்.

சேனைக்கு அந்த மழைகூட வேண்டாம். சமையலறை மூலையில் மறந்துபோன பெரிய கிழங்கு, மண்ணும் நீரும் இல்லாமலே ஏப்ரல், மே வாக்கில் கருஞ்சிவப்பு மடலை விரிக்கும். உள்ளே நிற்கும் தண்டு தானாகச் சூடேறி அழுகல் வாடையைக் காற்றில் ஏற்றிவிடும். செத்த எலி எங்கே என்று வீட்டார் தேடுவார்கள். வண்டுகள் சரியாக வந்து சேரும். முதல் நாள் பெண் பூக்கள் விழித்திருக்கும், அடுத்த நாள்தான் ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். தன் மகரந்தமே தன்மேல் விழாமல் இருக்க இந்த ஏற்பாடு.

குடில் அமைப்பு எளிது. ஜிஐ பைப் சட்டம், மேலே சரிவாக ஒரு தெளிவான பாலிகார்பனேட் அல்லது தடித்த பாலித்தீன் கூரை, அதற்கு மேல் 50 சதவீத நிழல்வலை. பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். காற்றோட்டம்தான் பூஞ்சைக்கு முதல் மருந்து. சட்டத்தைச் சுவரோடு பிணைக்க வேண்டும், வலையை மட்டும் கழற்றும்படி கட்ட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் முழு மரங்களையே சாய்த்துப் போட்டது, வலையெல்லாம் எம்மாத்திரம். புயல் எச்சரிக்கை வந்ததும் வலையை அவிழ்த்துச் சுருட்டி வைப்பவர்தான் சட்டத்தைக் காப்பாற்றுகிறார்.

மண்கலவையில் பாதி ஆற்றுமணலோ பொடி ஜல்லியோ இருக்கலாம். மீதிக்குச் செம்மண்ணும் மண்புழு உரமும், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும். தென்னைநார்க் கழிவை நர்சரிக்காரர்கள் தாராளமாகச் சிபாரிசு செய்வார்கள். கிழங்குக்கு அது ஆகாது, ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். செதில் இடுக்குகளில் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கும், கிழங்கை நடும் முன்பே துடைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு விருந்தாளி கண்ணில் படாமல் போகாது. கரிய உடலில் வெள்ளைத் திட்டுகளும் சிவப்புப் புள்ளிகளுமாக ஒரு புழு. காந்தள் அந்துப்பூச்சியின் பிள்ளை. ஒரே இலையில் கூட்டமாகத் தொடங்கி, விட்டால் சில நாட்களில் செடியையே மொட்டையடித்துவிடும். மற்ற உயிர்கள் அஞ்சும் நஞ்சுச் செடிதான் இதற்குச் சாப்பாடு. கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செடி நம் மாநில மலர், செங்காந்தள். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கத்து விவசாயிகளுக்குக் கண்வலிக்கிழங்கு. விதைக்காகவே அங்கே ஏக்கர் கணக்கில் பயிராகிறது. விதையிலிருந்து கால்ச்சிசின் என்ற மருந்துப்பொருளை எடுக்கிறார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பங்கிடும் நுண்குழாய்கள் உருவாகாமல் அது தடுத்துவிடும். 1937இல் பிளேக்ஸ்லீ, ஏவெரி என்ற தாவரவியலாளர்கள் இதைக்கொண்டு தாவரங்களின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். விதையில்லாத் தர்ப்பூசணிக்கு வழி திறந்தது அந்த உத்திதான். கௌட் என்னும் மூட்டுவலிக்குக் கால்ச்சிசின் பழைய மருந்து; 2023இல் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அரை மில்லிகிராம் மாத்திரையை அமெரிக்கா அனுமதித்தது.

மாடியில் வளர்க்க ஆழமான தொட்டியும் கொடி ஏறக் கம்பியும் போதும். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். கலப்பை போல வளைந்த கிழங்கின் கைகளின் நுனியில்தான் முளை இருக்கிறது. அந்த நுனி உடைந்தால் அந்தக் கை முளைக்காது, எனவே வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். ஜூன், ஜூலையில் படுக்கைவாட்டில் நட்டால் மழைக்காலத்தில் பூக்கும். பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கும் இதழ்கள் நாள் ஏற ஏறச் செந்தழலாக மாறுகின்றன. பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணத்தில் மடங்கி, மகரந்தப் பைகளைவிட்டு விலகி நிற்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். அதனால்தான் வயல்களில் காலையில் ஆட்கள் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தடவுகிறார்கள். மாடியில் விதை வேண்டுமானால் நீங்களும் அதையே செய்ய வேண்டும்.

கொடி காய்ந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்தி, தொட்டியைக் கூரைக்கடியில் தள்ளிவிடலாம். கிழங்கை எடுத்து மணலில் வைப்பவர்கள் டப்பாமேல் பெயரெழுதிப் பரண்மேல் வைக்கட்டும், சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. கால்ச்சிசினுக்கு மாற்று மருந்து இன்றும் மருத்துவமனைகளில் இல்லை.