பெயர் தெரியாதவர்களுக்கும் ஸ்தோத்திரம்



சின்னமனூர் வயல்களில் நடவு நடக்கும்போதெல்லாம் முல்லைப் பெரியாறு அணையை நினைக்கிறோம். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் அந்த வேலை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. நடுவில் கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது. கர்னல் பென்னிகுக் மறுபடியும் கட்டினார். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15-ல் நம் பள்ளத்தாக்கு மக்கள் பொங்கல் வைக்கிறார்கள். 2013-ல் லோயர் கேம்பில் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தக் காட்டில் மலேரியாவிலும் காலராவிலும் மாண்ட கூலியாட்களை எத்தனை பேர் நினைக்கிறோம்?

வார்டு ஜெபத்தில் இதைச் சொல்லுவதுண்டு. சர்க்கரை நோய்க்காரர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தீர்மானிப்பார். எட்டாம் நாள் சோர்ந்துவிடுவார். "வெள்ளம் கொண்டுபோனால் மறுபடியும் ஒரு கல் வையுங்கள். இன்றைக்குப் பாதங்களைப் புண் இருக்கிறதா என்று பாருங்கள், கொஞ்சம் நடங்கள், போதும்" என்போம். படுக்குமுன் தமக்கு உதவின ஒருவருக்காக ஸ்தோத்திரம் பண்ணவும் சொல்லுகிறோம். பெயர் தெரிய வேண்டியதில்லை. தரையைத் துடைத்த அம்மாவாக இருக்கலாம். மருந்துக்குக் காணிக்கை அனுப்பிய, அவர் முகம் பார்த்திராத நீங்களாகவும் இருக்கலாம்.