அரிசியும் கரும்பும் பெட்ரோல் பங்க்குக்குப் போனால்...

எத்தனால் என்பது எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் விவகாரம், மளிகைக் கடைக்கு என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் கேட்கலாம். சம்பந்தம் நிறையவே இருக்கிறது. நம் கடையில் மூட்டையாக அடுக்கியிருக்கும் அரிசி, குருணை, மக்காச்சோளம், சர்க்கரை ஆகிய நான்கும்தான் எத்தனாலுக்கு மூலப்பொருள்.

பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2003-ல் 5 சதவீதத்தில் தொடங்கியது. 2014-ல் நாடு முழுவதும் கலந்தது ஒன்றரை சதவீதம்தான். 2022-ல் அது 10 சதவீதமாகி, 2025-ல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது.

கரும்பும் கடைப் பற்றும்

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நெல்லுக்கு அடுத்தபடி கரும்பு. சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை, நெல்லிக்குப்பத்தில் பாரி ஆலை. ஆலைப் பணம் பட்டுவாடா ஆனால்தான் விவசாயி நம் கடைப் பற்றை அடைக்கிறார். சர்க்கரை தேங்கிக் கிடக்கும் ஆண்டில் எத்தனால் விற்ற பணம் ஆலைக்குச் சீக்கிரம் வருவதால் கரும்பு பாக்கி குறையும். இது நமக்கும் நல்லதே.

ஆனால் ஒரு டன் கரும்பின் சாற்றை எத்தனாலாக்கினால் சுமார் 70 லிட்டர் கிடைக்கும். அந்தக் கரும்பின் சர்க்கரை சந்தைக்கு வராது. 2023 டிசம்பரில் சர்க்கரை விளைச்சல் குறையும் என்று பயந்து கரும்புச் சாற்றுக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. 2024 ஆகஸ்டில் அதை நீக்கியது.

அரிசிக் கணக்கு

2024-25 எத்தனால் ஆண்டுக்கு இந்திய உணவுக் கழகத்தின் அரிசி 52 லட்சம் டன் ஒதுக்கப்பட்டது. விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குவிண்டால் அரிசிக்கு 2,250 ரூபாய். அதில் சுமார் 45 லிட்டர் எத்தனால் வடியும். லிட்டர் 58 ரூபாய் 50 காசு வீதம் 2,632 ரூபாய். மீதி 382 ரூபாயிலும், மிஞ்சும் சக்கையைத் தீவனமாக விற்றும்தான் எரிபொருள், கூலி, வட்டி எல்லாம் பார்க்க வேண்டும். அந்த அரிசியைக் கொள்முதல் செய்து கிடங்கில் வைத்துக் காப்பதற்கு அரசுக்கு ஆகும் செலவோ கிலோவுக்கு ஏறத்தாழ 40 ரூபாய். வித்தியாசத்தை ஏற்பது பொதுமக்களின் வரிப்பணம்.

தீவனமும் முட்டையும்

மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபாய் 86 காசு கொடுத்தார்கள். பலன், மக்காச்சோளம் ஏற்றுமதி செய்து வந்த நம் நாடு 2024-ல் நிகர இறக்குமதி நாடானது. தீவன விலை ஏறினால் நாமக்கல் முட்டை விலையும் ஏறும். மறுபக்கம், எத்தனால் ஆலைச் சக்கை மலிவாக வந்து புண்ணாக்கு வியாபாரத்தைத் தொடுகிறது.

தண்ணீர்

ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்கிறது. கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்தால்தான் வீராணம் நிறையும். அதில் 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும் பங்கு உண்டு. நம் ஊரில் தண்ணீரை எண்ணாமல் லாபம் பேச முடியாது.

நாம் கவனிக்க வேண்டியவை

எத்தனால் ஆண்டு நவம்பரில் தொடங்குகிறது. அதையொட்டி வரும் ஒதுக்கீடு, விலை அறிவிப்புகளைப் பார்த்த பிறகே சர்க்கரையிலும் குருணையிலும் பெரிய கொள்முதல் செய்வது நல்லது. குருணை ஏற்றுமதிக்கு 2022 செப்டம்பரில் போட்ட தடை 2025 மார்ச்சில்தான் நீங்கியது. ஒரே உத்தரவில் சந்தை திரும்பும் என்பதற்கு இது போதும். சரக்கு ஏற்றும் வண்டிகளின் மைலேஜையும் குறித்து வையுங்கள். பழைய இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கே கூறியுள்ளது.

உபரி தானியமும் கெட்டுப்போன தானியமும் எரிபொருளாவதை நாம் எதிர்க்கவில்லை. சாப்பாட்டு அரிசிக்குக் கை வைக்கும் நிலை வந்தால் விலையேற்றத்துக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். அதனால் இந்தக் கணக்கு நம் விரல் நுனியில் இருக்கட்டும்.