வெள்ளை இறகும் துப்பறியும் கண்ணும்

ஒரு தேசத்தைப் பீரங்கியால் பிடித்துவிடலாம். பிடித்ததைப் பல தலைமுறைக் காலம் வைத்துக்கொள்ளப் பீரங்கி மட்டும் போதாது. ஆளுகிறவர்களின் பிள்ளைகள் தாம் ஆளவே பிறந்தவர்கள் என்று நம்பவேண்டும். ஆளப்படுகிறவர்களின் பிள்ளைகளும் அவ்வாறே நம்பிவிட்டால் பின்னும் சௌகரியம். இந்த நம்பிக்கையைப் பார்லிமெண்ட் பிரசங்கங்களைக் காட்டிலும் கதைப் புத்தகங்களே அதிகமாக வளர்த்தன. அத்தகைய கதைகளை எழுதி ஆங்கில நாட்டில் பெருங்கீர்த்தி அடைந்தவர்களுள் ஏ. இ. டபிள்யூ. மேஸன் என்பவர் ஒருவர்.

1865-ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்த மேஸன், ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்று, சில காலம் நாடக மேடையில் நடித்துவிட்டு, 1895-இல் நாவல் எழுதத் தொடங்கினார். 1906 முதல் 1910 வரை காவெண்ட்ரி தொகுதியின் பிரதிநிதியாக, லிபரல் கட்சியைச் சேர்ந்து, பார்லிமெண்டில் அமர்ந்திருந்தார். முதல் உலக மகாயுத்தத்தில் கடற்படையின் வேவு இலாகாவில் ஊழியம் செய்தார். 1948 நவம்பரில் காலமாகும் வரை வீரசாகஸக் கதை, துப்பறியும் கதை ஆகிய இரு துறைகளிலும் அவருடைய பேனா ஓயவில்லை. இவ்விரு வகை நூல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். அதை எடுத்துக் காட்டுவதே இவ்வியாஸத்தின் நோக்கம்.

கோழை யார்?

மேஸனுடைய பெயரை நிலைநிறுத்திய நூல் 1902-இல் வெளிவந்த 'நான்கு இறகுகள்'. ஹாரி பெவர்ஷாம் என்னும் இளைஞன் பரம்பரை ராணுவக் குடும்பத்தில் பிறந்தவன். தளபதியான தந்தையின் விருந்துகளில், போர்முனையில் அஞ்சி மானமிழந்தவர்களின் கதைகளைச் சிறுவயதிலேயே கேட்டு, தானும் ஒருநாள் அஞ்சிவிடுவேனோ என்று அஞ்சியே வளர்கிறான். 1882-இல் தன் பட்டாளம் எகிப்துக்குப் புறப்படப் போகிறது என்ற செய்தி வந்ததும் உத்தியோகத்தை ராஜிநாமா செய்கிறான். நண்பர் மூவர் கோழைத்தனத்தின் அடையாளமாக ஆளுக்கொரு வெள்ளை இறகை அனுப்புகிறார்கள். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், தன் விசிறியிலிருந்து நான்காவது இறகைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்துவிடுகிறாள். அவன் மாறுவேடம் பூண்டு ஸூடான் சென்று, சிறைக்கோட்டத்தில் வாடும் நண்பனை மீட்டு, இறகுகளைத் திருப்பிக் கொடுப்பதே கதை.

அச்சத்தைக் கண்டு அஞ்சும் மனத்தின் வேதனையை மேஸன் நுட்பமாகச் சித்திரித்திருக்கிறார். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும், அந்த யுத்தம் எதற்காக நடந்தது என்று கதை கேட்பதில்லை. எகிப்து எகிப்தியருக்கே என்று அராபி பாஷா கிளம்பினார். கடன் கொடுத்த ஐரோப்பிய முதலாளிகளின் வட்டியும், ஸூயஸ் கால்வாயின் மீதுள்ள பிடியும் நழுவிவிடுமே என்று பிரிட்டிஷ் ராஜாங்கம் அஞ்சிற்று. 1882 ஜூலையில் அலெக்ஸாந்திரியா நகரைக் குண்டுகளால் தகர்த்தார்கள். அவ்வாண்டு இறங்கிய பட்டாளம் 1956 வரை அந்நாட்டு மண்ணைவிட்டு முற்றும் நீங்கவில்லை. 'போருக்கு அஞ்சினாயா?' என்று ஹாரியைக் கேட்க நான்கு பேர் இருந்தார்கள், 'இப்போர் தர்மமானதா?' என்று கேட்க ஒருவரும் இல்லை.

இது எங்கோ நடந்த கதை என்று நம்மவர் இருந்துவிட முடியாது. 1882-இல் எகிப்திலும், 1885-இல் ஸூடானின் ஸுவாக்கின் துறையை அடுத்த தோப்ரெக் போரிலும், சென்னை ராஜதானியின் ஸாப்பர்ஸ் பட்டாளத்துச் சிப்பாய்கள் நின்றார்கள். அப்படையெடுப்புகளின் செலவில் ஒரு பங்கும் இந்திய ஏழையின் தலையிலேயே சுமத்தப்பட்டது. உயிரும் பணமும் நம்முடையவை. இறகும் மானமும் அவர்களுடையவை!

முறிந்த பாதை

1907-இல், பார்லிமெண்ட் அங்கத்தினராக இருந்தபோதே, மேஸன் இந்தியாவைப் பற்றி 'முறிந்த பாதை' என்னும் நாவலை வெளியிட்டார். வடமேற்கு எல்லைக்கு அப்பால் சில்திஸ்தான் என்று ஒரு கற்பனை ராஜ்யம். அதன் இளவரசன் ஷேர் அலி ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் ஆங்கிலச் சீமான்களின் பிள்ளைகளோடு சரிசமமாகப் பழகி வளர்கிறான். தாய்நாடு திரும்பியதும் அந்தச் சமத்துவம் பனிபோல் மறைகிறது. கூடப் படித்தவர்களின் ஜாதியே தன்னைக் கீழ்ப்படியச் சொல்லும் ஜாதியாக எதிரில் நிற்கிறது. அவமானத்தால் மனம் புண்பட்ட அவன் கலகக்காரனாகிறான்.

நோயை மேஸன் சரியாகவே கண்டார், மருந்தில்தான் தவறினார். அந்தப் பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைக்காதீர்கள் என்று சாகுந்தறுவாயில் எச்சரிக்கும் ஆங்கில அதிகாரியின் வாக்கையே கதை மெய்ப்பிக்கிறது. சமத்துவத்தைக் கற்பித்துவிட்டு அடிமைத்தனத்தைக் கொடுத்தது குற்றமென்றால், நீக்கவேண்டியது அடிமைத்தனமா, கல்வியா? அந்நூல் வெளிவந்த அதே 1907-இல் லாலா லஜபதி ராய் விசாரணையின்றி மாந்தளைக்கு நாடு கடத்தப்பட்டார். கற்பனை இளவரசனின் கோபத்துக்கு இரக்கம் காட்டிய நாட்டில், உண்மைத் தேசபக்தரின் கோபத்துக்குக் கிடைத்தது இதுவே.

ஹனோவின் கண்

இனி மற்றொரு மேஸனைக் காண்போம். 1910-இல் வெளிவந்த 'வில்லா ரோஸ்' என்னும் கதையில் பிரெஞ்சுப் போலீஸ் இலாகாவின் ஹனோ என்னும் துப்பறிபவரை அவர் படைத்தார். பருத்த உடல், கோமாளித்தனமான பேச்சு, கூரிய மனம். அருகில் ரிக்கார்டோ என்னும் பணக்கார லண்டன் நண்பர். ஏ-லெ-பேன் என்னும் ஊரில் செல்வச் சீமாட்டி ஒருத்தி கொலையுண்கிறாள். அவள் வீட்டில் அண்டியிருந்த ஏழைப் பெண் மீது ஊரே விரல் நீட்டுகிறது. ஹனோ மட்டும் அவசரப்படுவதில்லை. முடிவில் ஏழைப் பெண் நிரபராதி. ஊரார் மதித்த ஆங்கிலக் கனவானே குற்றவாளி! அகதா கிறிஸ்டியின் புவாரோ 1920-இல் தோன்றுவதற்குப் பத்தாண்டு முன்னரே பிறந்தவர் இந்த ஹனோ. 1924-இல் வந்த 'அம்பு வீடு' என்னும் கதையிலும் ஹனோ கவர்ச்சியான முகத்தின் பின்னே குற்றத்தைக் காண்கிறார்.

தோற்றத்தை நம்பாதே, லாபம் யாருக்கு என்று கேள், வாயற்றவன் மீது பழி விழுந்தால் இருமுறை யோசி. இதுவே ஹனோவின் சாஸ்திரம். ஒரு மாளிகையின் திருட்டுக்கும் கொலைக்கும் இத்தனை நீதி பார்த்த ஆசிரியர், ஒரு தேசமே களவு போனபோது அந்தத் துப்பறியும் கண்ணை வீட்டில் வைத்துவிட்டு ஸூடானுக்குப் புறப்பட்டார். இதில் மேஸன் தனி மனிதரல்லர். அவர் காலத்து ஆங்கில அறிவாளிகள் பலரின் குறையும் இதுவே. தன் ஊருக்கு ஒரு நியாயம், பிறர் நாட்டுக்கு வேறொரு நியாயம்.

இந்நூல்கள் திரையேறியபோது வினை முற்றிற்று. மேஸனின் கதையைக் கொண்டு கோர்டா சகோதரர்கள் எடுத்த 'டிரம்' என்ற படத்தில் மைஸூர் ராஜ்யத்தில் பிறந்த ஸாபு ஆங்கிலேயருக்கு உதவும் இளவரசனாக நடித்தார். 1938-இல் அது பம்பாயிலும் சென்னையிலும் காட்டப்பட்டபோது ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். தம்மை வஞ்சகராகவும் கொடியவராகவும் காட்டும் படத்துக்குத் தாமே காசு கொடுக்க மறுத்தது சுயமரியாதையின் குரலாகும். மறு ஆண்டே அதே கோர்டாக்கள் 'நான்கு இறகுகளை'ப் படமாக்கி, கதையை 1898-ஆம் ஆண்டின் ஆம்துர்மான் போர் வரை நகர்த்தினார்கள். ஒரே காலைப் பொழுதில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஸூடானியரை இயந்திரத் துப்பாக்கிகள் வீழ்த்திய போர் அது. எதிர்த்தரப்பில் மாண்டவர் ஏறத்தாழ ஐம்பதின்மர். 2002-இல் இந்தியரான சேகர் கபூரும் அக்கதையைப் படமாக்கினார் என்றால், அதன் ஆயுள் எத்தகையது என்று எண்ணிப் பார்க்கலாம்.

எனவே மேஸனைக் கொளுத்தவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம், படிக்க வேண்டும். ஹாரியின் கதையை ஹனோவின் கண்ணால் படிக்க வேண்டும். லாபம் யாருக்கு, பழி யார் மீது, பேச விடப்படாதவர் யார் என்று பக்கந்தோறும் கேட்க வேண்டும். சுதந்திரம் பெற்ற தேசத்துக்கு மற்றொரு கடமையும் உண்டு. நாம் இயற்றும் வீரக்கதைகளிலும் வாயற்றவர்கள் இருப்பார்கள். நம் குழந்தைகள் அவற்றைப் படிக்கும்போதும் அதே கேள்விகளைக் கேட்கக் கற்றிருக்க வேண்டும். கேட்பவன் கையில் வெள்ளை இறகை வைத்து அனுப்பும் வழக்கம் நமக்கு வேண்டாம். யுத்த முரசுக்கு நடுவில் 'இது தர்மமா?' என்று கேட்பதற்கு, வாளேந்துவதற்கு வேண்டியதினும் மிகுந்த தைரியம் வேண்டும்.