நெய்வேலி – மந்தாரக்குப்பம் பகுதியில் வீட்டுத் தெரிவு: குவார்ட்டர்ஸ், தனி வீடு, அடுக்குமாடி

மந்தாரக்குப்பம் கடலூர் மாவட்டத்தில், கடலூர் – விருத்தாசலம் சாலையில், நெய்வேலி நகரியத்தை ஒட்டியுள்ள ஊர். கங்கைகொண்டான் பேரூராட்சிக்கு உட்பட்டது. என்.எல்.சி.யின் இரண்டாம் சுரங்கமும் இரண்டாம் அனல்மின் நிலையமும் இதன் அருகே உள்ளன. இப்பகுதியில் வாழும் சுரங்க, மின்நிலைய ஊழியர் குடும்பங்களுக்கு வீடு பற்றிய கேள்வி மற்ற ஊர்களில் எழுவது போல எழுவதில்லை. பணியில் இருக்கும்வரை நிறுவனம் வீடு தருகிறது. பணி முடிந்ததும் அதைத் திரும்பப் பெறுகிறது. அதற்குள் சொந்த வீடு எங்கே, எவ்வகையில் என்று முடிவு செய்துவிட வேண்டும். அந்த முடிவில் கட்டடத்தின் அழகும் அளவும் பிற்பாடு; முதலில் பார்க்க வேண்டியது அது நிற்கும் நிலம் யாருடையது, நாளைக்கு என்ன ஆகும் என்பதே.

குவார்ட்டர்ஸ்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பதைக் காட்டியது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 2016 முதல் அதன் பெயர் என்.எல்.சி. இந்தியா. ஊழியர்களுக்காக அது அமைத்த நகரியம் 'வட்டம்' எனப்படும் பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அகலமான சாலைகள், வீட்டைச் சுற்றி இடம், தோட்டத்தில் பலா என்று வாழ்ந்து பழகியவர்களுக்கு வெளியே வாங்கும் எந்த மனையும் சிறியதாகத்தான் தெரியும்.

ஆனால் இந்த வீட்டுக்குப் பட்டா கிடையாது; விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஒதுக்கீடு பதவியைப் பொறுத்தது. குவார்ட்டர்ஸில் இருப்பவருக்கு வீட்டு வாடகைப் படியும் கிடைக்காது. சிங்கப்பூரின் வீவக வீடுகளுடன் இதை ஒப்பிடலாம். அங்கும் நிலம் குடியிருப்போருடையது அன்று. 99 ஆண்டுக் குத்தகைதான். ஆயினும் அக்குத்தகையை விற்கலாம், அது தொழிலுடன் பிணைக்கப்பட்டதும் அன்று. நெய்வேலி குவார்ட்டர்ஸின் ஆயுள் ஒருவரின் பணிக்காலம் மட்டுமே.

ஓய்வுக்குப் பின் அனுமதிக்கப்பட்ட காலத்தைத் தாண்டியும் காலி செய்யாதவர்கள் மீது 1971ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் (அனுமதியற்றோரை வெளியேற்றல்) சட்டம் பாயும். பொதுத்துறை நிறுவனங்களின் வீடுகளும் அதன் வரம்பில் வருகின்றன. வேறொரு பொதுத்துறை நிறுவனம் தொடர்பான வழக்கில், இவ்வாறு தங்கியிருந்த காலத்துக்கான அபராத வாடகையைப் பணிக்கொடையிலிருந்து பிடிக்கலாம் என 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பணிக்கொடை வந்த பிறகு வீடு கட்டத் தொடங்கலாம் என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது. வீட்டு வேலை முடிய ஓராண்டு ஆகும். குவார்ட்டர்ஸ் அதுவரை காத்திருக்காது.

தனி வீடு

மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடலூர், விருத்தாசலம் எனச் சுற்றியுள்ள ஊர்களில் மனை வாங்கி வீடு கட்டுவதே இப்பகுதியில் வழக்கமான வழி. பணியில் இருக்கும்போதே கட்டி, ஓய்வு பெறும்வரை வாடகைக்கு விடுவோரும் உண்டு. கடன் தவணையில் ஒரு பகுதி வாடகையிலிருந்து வந்துவிடும்.

இங்கு மனை வாங்குவதில் மற்ற ஊர்களில் இல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது. பூமிக்கு அடியில் நிலக்கரி. அதை எடுக்கச் சுரங்கம் விரிந்துகொண்டே போகிறது. நிலம் பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ் எடுக்கப்படுகிறது. கையகப்படுத்துவதற்கும் நிலம் உண்மையில் கைமாறுவதற்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடலாம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்தது இதற்கு உதாரணம். முன்பே கையகப்படுத்தப்பட்டதாக நிறுவனம் கூறிய வயல்களில் விவசாயிகள் தொடர்ந்து பயிர் செய்துவந்தனர். வாய்க்கால் வெட்டும் பணிக்காக, நின்றிருந்த நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கின; பெரும் போராட்டம் வெடித்தது. இழப்பீடு போதுமா என்பது இன்றும் ஓயாத வாதம். மனை வாங்குபவருக்கு இதிலிருந்து தெரிவது ஒன்று: பச்சைப் பசேல் என விளைந்து கிடக்கும் நிலம்கூட ஏட்டில் வேறொருவர் பெயரில் இருக்கலாம்.

ஆகவே தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றுடன் நின்றுவிடக் கூடாது. புல எண்ணைக் குறித்துக்கொண்டு, அது கையகப்படுத்தல் அறிவிப்பில் இருக்கிறதா என வட்டாட்சியர் அலுவலகத்திலும் நிறுவனத்தின் நிலத்துறையிலும் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுவது நல்லது. தரகர் "சுரங்கம் இந்தப் பக்கம் வராது" என்று சொல்வது சான்று ஆகாது. மனைப்பிரிவு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் பெற்றதா என்பதும் முக்கியம். 2016 அக்டோபர் 20க்குப் பின் உருவான அங்கீகாரமற்ற மனைகள் வரன்முறைத் திட்டத்தில் சேராது. வீட்டுக் கடனும் கட்டட அனுமதியும் சிக்கலாகும்.

அடுத்தது தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஊற்று நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். அதனால், மனைக்கு அக்கம்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை அடியில் இருக்கின்றன, கோடையில் நீர் வருகிறதா என்று நேரில் விசாரிக்க வேண்டும். கூரையும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இம்மாவட்டத்தில் கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஓட்டு, தகர வீடுகள் கூரை இழந்தன. மாடியில் தகரக் கொட்டகை போட்டுச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

மனை விலைக்கு மேல் முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு ஆகும். இதைக் கணக்கில் சேர்க்காமல் பேரம் முடிப்பவர்கள் அஸ்திவாரம் போடும்போது கைமாற்றுக்கு அலைவார்கள்.

அடுக்குமாடி

இப்பகுதியில் அடுக்குமாடி பற்றிய பேச்சு பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே நடக்கிறது. பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போய்விட்ட குடும்பம், ஓய்வுக்குப் பின் மாடிப்படி ஏற வேண்டாத, மருத்துவமனை அருகிலுள்ள வீட்டை நாடுகிறது.

அடுக்குமாடியில் வாங்குவது வீட்டுடன் நிலத்தின் 'பிரிக்கப்படாத பாகத்தையும்' சேர்த்துத்தான். இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், எட்டுச் சம வீடுகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 600 சதுர அடி பாகம் வரும். அதே நிலத்தில் நாற்பது வீடுகள் என்றால் 120 தான். கட்டடம் பழசானால் மதிப்பு நிலத்தில்தான் நிற்கும் என்பதால், பத்திரத்தில் இந்த எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளுடனோ கட்டப்படும் திட்டம், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டட மனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட, முன்பு எல்லா உரிமையாளர்களின் ஒப்புதலும் தேவைப்பட்டது; 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் போதும் என்கிறது. இசையாத மூன்றில் ஒரு பங்கினராக இருக்கும் முதியவருக்கு இதுவும் ஒரு வெளியேற்றம்தான். மாதப் பராமரிப்புக் கட்டணம் வேறு. அது ஓய்வுக்குப் பிறகும் நிற்காது.