உங்கள் காய்ச்சலுக்கும் ஒரு நம்பர் உண்டு... தெரியுமா?

மெடிக்ளெய்ம் ஃபாரத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் நிரப்பும் பக்கத்தைப் புரட்டியிருக்கிறீர்களா? அதில் 'ஐசிடி-10' என்று ஒரு கட்டம் இருக்கும். உள்ளே ஓர் எழுத்து, சில எண்கள். அவ்வளவுதான்! உங்கள் நோயின் மொத்த ஜாதகமும் அதில் அடக்கம். உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு நோய்க்கும் இப்படி நம்பர் போட்டு வைத்திருக்கிறது. பாக்டீரியா பக்கம் போனால்... அடேயப்பா!

முதல் நம்பர் யாருக்கு, சொல்லுங்கள் பார்ப்போம்? காலராவுக்கு! 9-வது பதிப்பில் 001. 10-ல் ஏ00. 11-ல் 1ஏ00. மூன்று பதிப்பிலும் முதல் சீட்டை விட்டுக்கொடுக்கவே இல்லை!

ஏ00.1 என்பது 'எல்டார்' காலரா. எகிப்தின் சினாய் கரையில், ஹஜ் யாத்திரிகர்களை நிறுத்திச் சோதித்த முகாம் எல்டாரில் இருந்தது. 1905-ல் அங்கே பிடிபட்ட கிருமி இது. 1961-ல் இந்தோனேசியாவில் கிளம்பி உலகத்தைச் சுற்ற ஆரம்பித்தது. இன்றைக்கும் ஓயவில்லை!

இன்னும் கேளுங்கள். ஐசிடி-10-க்கு ஒப்புதல் கிடைத்தது 1990-ல். அதில் பெயர் சொல்லி இடம் பிடித்தது ஓ1 வகை காலரா மட்டும். இரண்டே வருஷம்! 1992-ல் ஓ139 என்று புத்தம் புது காலரா முளைத்தது. எங்கே தெரியுமா? நம்ம மெட்ராஸில்! பாவம், அதற்கென்று தனி நம்பர் அந்தப் பதிப்பில் கிடையவே கிடையாது.

இந்தப் பட்டியலுக்கு மூலவர் யார்? பாரிஸ்காரர் ஜாக் பெர்ட்டியோன். சாவுக்கான காரணங்களை 1893-லேயே வகை பிரித்துக் கொடுத்தவர். அவருடைய தம்பி அல்ஃபோன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? போலீஸுக்காகக் குற்றவாளிகளின் தலை, காது, விரல் எல்லாவற்றையும் அளந்து அடையாளம் குறித்து வைத்தார். அண்ணன் சாவைப் பிரித்தார், தம்பி திருடர்களைப் பிரித்தார்!

டெட்டனஸுக்கு எத்தனை நம்பர்? மூன்று! பிறந்த குழந்தைக்கு வந்தால் ஏ33. பிரசவத்தில் தாய்க்கு வந்தால் ஏ34. ஆணி குத்தி உங்களுக்கோ எனக்கோ வந்தால் ஏ35. கிருமி என்னவோ ஒன்றேதான்!

1976, பிலடெல்பியா. முன்னாள் படைவீரர்கள் ஒரு ஹோட்டலில் ஜாம் ஜாம் என்று மாநாடு நடத்தினார்கள். ஊர் திரும்பியவர்கள் வரிசையாக நிமோனியாவில் சுருண்டார்கள். மாநாட்டுக்கு வந்தவர்களில் மட்டும் 29 பேர் சாவு! குற்றவாளிக் கிருமி சிக்கியது அடுத்த ஜனவரியில்தான். லெஜியோனெல்லா. நம்பர் ஏ48.1.

சரி, பக்கத்து நம்பர் ஏ48.2 யாருடையது? அதே கிருமியின் சாதுவான அவதாரம்! 1968-ல் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில் 144 பேரைக் காய்ச்சலில் தள்ளியது. ஒருவர்கூடச் சாகவில்லை. அது புகுந்து விளையாடிய கட்டடம் எது என்கிறீர்கள்? சுகாதாரத் துறை ஆபீஸ்!

வயிற்றுப்புண்ணுக்குக் கிருமிதான் காரணம் என்றால் யாரும் நம்பவில்லை. ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைக் கரைத்து மடக் மடக்கென்று தானே குடித்தார்! 2005-ல் நோபல் பரிசு. கிருமிக்கு? பி98.0!

அமெரிக்க நோயாளிகளின் ஃபைல்களுக்கு இந்த நம்பர் போடும் மெடிக்கல் கோடிங் வேலையில் சென்னையிலும் கோவையிலும் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே ஒரு கோடர் இருக்கலாம்! அவர்கள் படும் பாடு தெரியுமா? சிறுநீர்த் தொற்றா? என்39.0 மட்டும் போட்டால் போதாது. ஈ.கோலை செய்த வேலை என்றால் கூடவே பி96.20-ம் போட வேண்டும். நோய்க்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று!

லேப் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், டாக்டர் எழுதவில்லையா? கோடர் தானாக நம்பர் போடக் கூடாது! டாக்டர் 'யூரோசெப்சிஸ்' என்று எழுதிவிட்டாலோ இன்னும் வம்பு. டாக்டர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கும் அந்தச் சொல்லுக்கு அமெரிக்கப் பட்டியலில் நம்பரே இல்லை! "ஐயா, என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று டாக்டரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். விதியே அதுதான்!

ஐசிடி-11-ல் ஓ, ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் தூக்கிவிட்டார்கள். ஏன்? பூஜ்ஜியம், ஒன்று என்று கண் ஏமாந்துவிடுமாம்!

அமெரிக்கப் பதிப்பில் மட்டும் சுமார் 70,000 நம்பர்கள்! எலிக்கடிக் காய்ச்சலா? ஏ25. பூனை பிராண்டிக் காய்ச்சலா? ஏ28.1. பூனை கடித்தால்? டபிள்யூ55.01. வாத்து வந்து மோதினால்? சிரிக்காதீர்கள்... டபிள்யூ61.62!